சுழல்: எட்டு இரவுகளும் ஒரு சந்தேகப் பேரேடும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன?

அமேசான் பிரைமில் 2022 ஜூன் 17 அன்று வெளியான ‘சுழல்’ என்ற எட்டு எபிசோடு மர்மத் தொடரை, நாங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இரவுக்கு ஒன்று என்ற கணக்கில் எட்டு இரவுகளில் பார்த்து முடித்தோம். நான் எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவள். கைப்பழக்கம் விடவில்லை, ஒவ்வோர் எபிசோடும் முடிந்த கையோடு, யாருக்கு யார் மீது சந்தேகம் என்பதைப் பழைய பேரேடு ஒன்றில் எழுதி வைத்தேன். அந்த நோட்டு கடைக்குப் போனது, உறவினர் வீடுகளுக்குப் போனது, அட்டை கிழிந்து திரும்பி வந்தது. அதைப் படித்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடரைப் பார்க்காதவர்கள் இதைப் படிக்கலாமா? முடிவைச் சொல்லிவிடுவீர்களா?

தாராளமாகப் படிக்கலாம். குற்றவாளியின் பெயரை இதில் எங்கும் எழுதவில்லை. ஆனால் அவர் எப்படிப்பட்ட இடத்தில் இருந்தார் என்பதைச் சொல்லாமல் என் நோட்டைப் பற்றிப் பேசவே முடியாது. அது கூடத் தெரியக் கூடாது என்று நினைப்பவர்கள், ‘யாராவது சரியாகக் கண்டுபிடித்தார்களா?’ என்ற கேள்வி வரும்போது நிறுத்திக்கொண்டு, தொடரைப் பார்த்துவிட்டு வரவும்.

கதை என்ன? இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் ஒரு சிமெண்ட் ஆலை இருக்கிறது. அங்கே தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்குகிறார்கள். ஆலை தீப்பிடித்து எரியும் அதே இரவில், தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். வெளியூரில் இருந்த அக்கா நந்தினி ஊருக்குத் திரும்புகிறாள். உதவி ஆய்வாளர் சக்கரையும் அவருடைய மேலதிகாரி ரெஜினாவும் விசாரிக்கிறார்கள். ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. சண்முகமாகப் பார்த்திபனும், நந்தினியாக ஐஸ்வர்யா ராஜேஷும், சக்கரையாகக் கதிரும், ரெஜினாவாக ஸ்ரேயா ரெட்டியும் நடித்திருக்கிறார்கள். எழுத்தும் உருவாக்கமும் புஷ்கர்–காயத்ரி இணை.

எட்டும் ஒரே நாளில் வெளியாகியிருக்க, ஏன் இரவுக்கு ஒன்று?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். முதலில் கேட்டது என் தம்பி. ஒரே மூச்சில் பார்த்தால் சனிக்கிழமை விடிவதற்குள் முடித்துவிடலாம் என்பது அவன் கட்சி. நான் மறுத்தேன், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட் பெரியம்மாவிடம் இருக்கும் என்பதால் என் பேச்சு எடுபட்டது.

காரணம் இதுதான். மர்மத் தொடர் ஒரு எபிசோடை முடிக்கும் இடத்தில் நம் மனத்தில் ஒரு சந்தேகத்தை விட்டுவிட்டுப் போகிறது. அடுத்த எபிசோடு பத்து நொடியில் தானாகத் தொடங்கிவிட்டால், அந்தச் சந்தேகத்தை நாம் வாய் திறந்து சொல்வதில்லை. சொல்லாத சந்தேகத்துக்கு நாம் பொறுப்பும் ஏற்பதில்லை. கடைசியில் குற்றவாளி யாரென்று தெரிந்ததும், ‘எனக்கு அப்போதே தோன்றியது’ என்று எல்லோரும் சொல்லிக்கொள்ளலாம். ஓர் இரவும் ஒரு பகலும் இடையில் இருந்தால் அந்தச் சந்தேகத்தைச் சோறு பரிமாறும்போதும், கடைக்கு நடக்கும்போதும், தண்ணீர் பிடிக்கும்போதும் சுமக்க வேண்டியிருக்கும். எதிர்ப்படும் மனிதர்களோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். ஜூன் 17, வெள்ளிக்கிழமை தொடங்கி, அடுத்த வெள்ளிக்கிழமை முடித்தோம். அந்த எட்டு நாளும் எங்கள் வீட்டில் வேறு பேச்சு இல்லை.

சந்தேகப் பேரேடு என்றால் என்ன? அதை எப்படி எழுதினீர்கள்?

கணக்குப் பேரேட்டில் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் திறப்பது போல, கதையில் வரும் ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் திறந்தேன். இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. ஒருவர் மீது சந்தேகம் விழும்படியாகத் தொடர் எதைக் காட்டினாலும் அது பற்று. அவர் நிரபராதி என்று நினைக்கத் தூண்டும் எதுவும் வரவு. யார் சொன்னது என்பதை அடைப்புக்குறிக்குள் எழுதுவேன்: அம்மா, பெரியம்மா, மாமா, தம்பி, நான். நாள் இறுதியில் இருப்பு என்ன என்று பார்த்தால், அன்றைய நிலவரத்தில் யார் கழுத்தில் கயிறு இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

விதி ஒன்றே ஒன்று. எழுதியதை அழிக்கக் கூடாது. தவறென்று பிறகு தெரிந்தால், கடையில் செய்வது போலவே, எழுத்து தெரியும்படி ஒற்றைக் கோடு இழுத்துச் சுருக்கொப்பம் போட வேண்டும். வெள்ளை மை பூசிய பேரேட்டை எந்தத் தணிக்கையாளரும் ஏற்க மாட்டார்; நானும் ஏற்கவில்லை. தம்பி இரண்டாம் நாள் காலையில் ஒரு பதிவை ரப்பர் வைத்துத் தேய்க்கப் பார்த்தான். பேனாவால் எழுதியிருந்தேன், தாள்தான் கிழிந்தது. அந்தக் கிழிசல் இன்னும் ஆலை முதலாளியின் பக்கத்தில் இருக்கிறது.

முதல் இரவு என்ன எழுதினீர்கள்?

முதல் இரவிலேயே ஆறு பக்கங்கள் திறந்துவிட்டோம். அதிகப் பற்று ஆலை முதலாளி பெயரில் இருந்தது. வேலைநிறுத்தமும் தீயும் சேர்ந்து வந்தால் பணம் உள்ளவர் மீதுதான் எங்கள் வட்டாரத்தில் முதல் சந்தேகம் போகும். தொடர் தன் விரலை நீட்டிக் காட்டியதோ சண்முகத்தின் மீது. ஆலைக்குத் தீ வைத்தவர் அவர்தான் என்று ஊரும் காவல்துறையும் நினைக்கும்படி காட்சிகள் அமைந்திருந்தன. எங்கள் கூடத்தில் அதை ஏற்க மறுத்தவர் ஒருவர் இருந்தார்.

உங்கள் மாமா சண்முகத்தின் மீது சந்தேகம் எழுதவே விடவில்லை என்று கேள்விப்பட்டோம். ஏன்?

மாமா பெரம்பூரில் மில் வேலை பார்த்தவர். 1990களில் மில் மூடப்படும்வரை அங்கேதான் இருந்தார். அந்த வட்டாரத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அவர் கோபம் வியப்பாக இருக்காது. பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரல் 27 அன்று தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத்தான் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்கிறார்கள். சங்கத் தலைவர்களான பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்களைப் பற்றி மாமாவின் தாத்தா சொன்ன கதைகள் எங்கள் வீட்டில் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. சங்கத் தலைவரைத் திரையில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் அவருக்குப் பொறுக்காது.

ஆனால் அவர் சொன்னது வெறும் பாசம் என்று தள்ளிவிட முடியாதது. அவருடைய சொற்களை அப்படியே வரவுப் பத்தியில் எழுதியிருக்கிறேன்: “ஸ்ட்ரைக் பண்றவன் மில்லக் கொளுத்த மாட்டாம்மா. அவன் திரும்ப உள்ள போறதுக்குத்தானே வெளியே நிக்கிறான். கொளுத்திட்டா எங்க போய் நிப்பான்?” வேலைநிறுத்தத்தை உள்ளிருந்து பார்த்த ஒருவருக்கு மட்டுமே தோன்றும் துப்பு இது. எழுதிவிட்டு நிமிர்வதற்குள் பெரியம்மா கேட்டார்: “அப்போ இருபத்தோராம் வருஷம் புளியந்தோப்புல கொளுத்தினது யாராம்?”

கூடம் அமைதியாகிவிட்டது. 1921ஆம் ஆண்டு மில் வேலைநிறுத்தத்தின்போது வேலைக்குப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் இடையே மூண்ட பகை சாதிப் பகையாகவும் மாறிப் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்ததும், துப்பாக்கிச் சூடு நடந்ததும் வரலாறு. பெரியம்மா அதே புளியந்தோப்பில் பிறந்தவர். அவர் வீட்டில் வழங்கிய கதை மாமா வீட்டில் வழங்கிய கதை அல்ல. மாமா பதில் சொல்லவில்லை. தன் வரவை எடுத்துவிடச் சொல்லவும் இல்லை. பெரியம்மாவின் கேள்வியை எதிர்ப்பத்தியில் பற்றாக எழுதினேன். சண்முகத்தின் பக்கம் அன்றிரவு சமநிலையில் முடிந்தது. திரையில் ஒரு பாத்திரத்தைப் பார்த்து நாங்கள் போட்ட சண்டையின் பாதி நூறு ஆண்டுக்கு முந்தைய சண்டை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மயானக் கொள்ளைக் காட்சிகள் உங்களுக்கு எப்படி இருந்தன? உங்கள் பக்கத்தில் அந்தத் திருவிழா உண்டல்லவா?

உண்டு. மகா சிவராத்திரிக்கு மறுநாள், மாசி அமாவாசையை ஒட்டி, வட சென்னையின் அங்காளம்மன் கோயில்களிலிருந்து ஊர்வலங்கள் சுடுகாட்டை நோக்கிப் புறப்படும். சிவன் பிரம்மனின் ஐந்தாவது தலையைக் கிள்ளியதால் அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொண்டு, அவர் பெற்ற பிச்சையையெல்லாம் தின்று தீர்த்தது. அம்மன் மயானத்தில் உணவைச் சூறைவிட, அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்கியது. அப்போது அவள் அதை அடக்கினாள் என்பது கதை. விழுப்புரம் மாவட்டத்து மேல்மலையனூர்தான் இதற்குத் தலைமையிடம். எங்கள் பக்கத்தில் அதன் கிளை போல ஒவ்வொரு கோயிலும் தனக்குரிய அளவில் நடத்துகிறது.

என் நினைவில் நிற்பது சூறை. வேகவைத்த சுண்டல், கொழுக்கட்டை, காய்கறி, சில்லறைக் காசு எல்லாம் கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்கும். ஒன்பது வயதில் என் தாவணிக்கார அக்காமார்களின் கால்களுக்கு நடுவே புகுந்து ஒரு ரூபாய்க் காசு ஒன்றைப் பிடித்தேன். அதில் குங்குமமும் சாம்பலும் ஒட்டியிருந்தது. பெரியம்மா அதைத் துடைக்கக் கூடாது என்று சொல்லி அப்படியே அரிசிப் பானையில் போட்டார். இன்றும் பானையின் அடியில் கிடக்கிறது. அரிசி தீரும் நாளில் கையில் தட்டுப்படும்.

இப்படி வளர்ந்தவர்களுக்குத் தொடரின் திருவிழா இரண்டு விதமாகத் தெரிந்தது. பம்பையும் உடுக்கையும் எழுப்பும் அதிர்வை சாம் சி.எஸ். பின்னணி இசைக்குள் கொண்டுவந்த விதம் எங்களைக் கட்டிப்போட்டது. மூன்றாம் இரவில் அம்மா தன்னையறியாமல் கை கூப்பினார். ஆனால் வேடத்துக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம் என்ற அச்சத்தை நம் மனத்தில் விதைக்கும் இடங்களில் பெரியம்மா தலையை ஆட்டி மறுத்தார். காளி வேடம் கட்டுபவர் காப்புக் கட்டி விரதம் இருப்பார். இந்த ஆண்டு யாருக்கு வேடம் என்பது தெருவுக்கே தெரியும். முகத்தில் எவ்வளவு சாயம் பூசினாலும், நடையை வைத்தே இன்னார் மகன் என்று சொல்லிவிடுவார்கள் என்பது அவர் வாதம். “மூஞ்சி தெரியாம இருக்கறதுக்கா வேஷம் கட்றாங்க?” என்று கேட்டார். அதை யார் பக்கத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. தொடரின் பெயரிலேயே ஒரு பக்கம் திறந்து, அதன் பற்றில் எழுதினேன்.

அந்த ஆட்சேபத்தை இன்றுவரை நான் பாதிதான் ஏற்கிறேன். தெரு அறிந்த முகங்களுக்கு நடுவேதான் குற்றம் ஒளிந்திருந்தது என்பதால், வேடத்தைப் பற்றிய அச்சம் நம்மைத் திசைதிருப்ப எழுத்தாளர்கள் போட்ட தூண்டில் என்று படித்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

ரெஜினாவின் பாத்திரத்தைப் பற்றி நோட்டில் நிறைய இருக்கிறதே?

காவல்துறை அதிகாரியாகவும் தாயாகவும் ஒரே வழக்கில் நிற்க வேண்டி வந்தவர் அவர். அவர் மகன் அதிசயத்தின் பெயரும் நிலாவின் பெயரோடு சேர்ந்து அடிபடுகிறது. விசாரிக்க வேண்டியவரே விசாரணைக்கு உரியவராகவும் மாறும் இந்த முடிச்சுதான் முதல் பாதியின் மிகச் சிறந்த பகுதி என்பது என் கருத்து. ஸ்ரேயா ரெட்டி உரக்கப் பேசும் காட்சிகளைவிட, சீருடையின் மேல் பட்டனைக் கழற்றாமலே வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போன்ற இறுக்கத்தைத் தன் உடம்பில் வைத்திருந்த விதம்தான் என்னைக் கவர்ந்தது. அவர் பெயரில் ஐந்து பற்று, ஐந்து வரவு. அம்மா மட்டும் எல்லா இரவும் அவருக்கு வரவே எழுதினார்.

இரண்டு பேர் இயக்கியிருக்கிறார்கள். வித்தியாசம் தெரிந்ததா?

முதல் நான்கு எபிசோடுகளைப் பிரம்மாவும் பின் நான்கை அனுசரணும் இயக்கியிருக்கிறார்கள். இது தெரியாமல்தான் பார்த்தோம். ஆனால் ஐந்தாம் இரவுப் பதிவில், ‘இன்று எல்லோரும் வேகமாக நடக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். முதல் பாதி ‘யார் கொண்டு போனது?’ என்று கேட்கிறது. இரண்டாம் பாதியின் கேள்வி ‘எதனால் இப்படி ஆனது?’ என்பது. அதனால் வேகம் மாறியதா, இயக்குநர் மாறியதால் மாறியதா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் திறமை போதாது.

யாராவது சரியாகக் கண்டுபிடித்தார்களா?

ஒருவரும் இல்லை. ஐந்து பேர், ஏழு இரவுகள், பதினான்கு பக்கங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட பதிவுகள். எட்டாவது இரவு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினேன். குற்றவாளிக்கு நான் பக்கமே திறந்திருக்கவில்லை.

தவறாக எடை போட்டிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது. முதலாளிக்குப் பக்கம் இருந்தது, சங்கத் தலைவருக்கு இருந்தது, காவல்துறைக்கு இருந்தது, பக்தியில் மூழ்கியவர்களுக்கு இருந்தது, ஒரே ஒரு காட்சியில் வந்து போனவருக்குக்கூட அரைப் பக்கம் இருந்தது. வீட்டுக்குள் எந்நேரமும் நடமாடிக்கொண்டிருந்த, எல்லோருக்கும் வேண்டிய ஒருவருக்கு மட்டும் இல்லை. பிறகு ஒன்று கண்ணில் பட்டது. மூன்றாம் இரவுப் பதிவின் ஓரத்தில், பத்திகளுக்கு வெளியே, என் கையெழுத்தில், சிறியதாக, அவர் பெயரைப் போட்டு, ‘பாவம், நல்ல மனிதர்’ என்று எழுதியிருந்தேன். பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை. அழிக்கக் கூடாது என்று விதி போட்டவள் நான்தான் என்பதால் அதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்துச் சுருக்கொப்பம் போட்டேன்.

நோட்டைக் கேட்டு வாங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த ஓரக் குறிப்பைப் பார்க்கத்தான் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

துப்புகள் நேர்மையாகக் கொடுக்கப்பட்டிருந்தனவா? அல்லது ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. முடித்த பிறகு முதல் இரண்டு எபிசோடுகளைத் தனியாக இன்னொரு முறை பார்த்தேன். நந்தினி யாரோடு ஒரே அறையில் இருக்க விரும்பவில்லை, யார் பேசும்போது அவள் பார்வை எங்கே போகிறது என்பதெல்லாம் கதையின் மேல்மட்டத்திலேயே இருக்கின்றன. மறைத்து வைக்கப்படாத ஒன்றைப் பார்க்காமல் போனதற்குத் தொடரைக் குறை சொல்ல முடியாது. குறை வேறு இடத்தில் இருக்கிறது: ஆலைத் தீயின் நூலை நடுவில் தொய்ய விட்டுவிட்டு, கடைசியில் அவசரமாகச் சுருட்டியிருக்கிறார்கள். தீயில் தொடங்கும் கதை தீக்கு இன்னும் சற்று இடம் கொடுத்திருக்கலாம். மாமாவுக்கும் இதே வருத்தம், ஆனால் அவர் காரணம் வேறு.

பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாமா?

சிறுவர்களோடு வேண்டாம். சிறார் மீதான பாலியல் வன்கொடுமை கதையின் மையத்தில் இருக்கிறது, வன்முறையும் உண்டு. பதின்வயதில் இருப்பவர்களோடு பார்ப்பதானால் பெரியவர்கள் முதலில் தாங்களே பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

தொடர் கற்பனையாக எதையும் ஊதிப் பெரிதாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிறார் மீதான பாலியல் குற்றங்களைத் தடுப்பதற்கான போக்சோ சட்டம் 2012இல் வந்தது. அதன் கீழ் பதிவாகும் வழக்குகளில் மிகப் பெரும்பான்மையானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு முன்பே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. இப்படி ஒன்று நடந்திருப்பதாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே அச்சட்டப்படி குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098. எங்கள் தெருவில் நோட்டைப் படித்த ஓர் அக்கா இந்த எண்ணை மட்டும் தனியாகக் குறித்துக்கொண்டு போனார்; ஏன் என்று நான் கேட்கவில்லை; கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியதால், மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். தன் அக்கா மகள் படிக்கும் பள்ளிக்காக என்றார்.

அந்தக் காலத்து ‘மர்மதேசம்’ போல வருமா?

இந்தக் கேள்வி என்னைவிடப் பத்து வயது மூத்தவர்களிடமிருந்து வரும். 1990களில் சன் தொலைக்காட்சியில் நாகா இயக்கிய அந்தத் தொடர், அதிலும் குறிப்பாக ‘விடாது கருப்பு’, எங்கள் பக்கத்தில் உண்டாக்கிய பயத்துக்கு ஈடு எதுவும் இல்லை. அப்போது எங்கள் வரிசையில் கேபிள் இணைப்பு இருந்தது ஒரே வீட்டில். வாரத்துக்கு ஒரு நாள் இரவு அந்த வீட்டுத் திண்ணை நிரம்பிவிடும். முடிந்ததும் எங்கோ குதிரைக் குளம்படிச் சத்தம் கேட்பதாக யாராவது ஒரு பையன் கிளப்பிவிட, நாங்கள் இரண்டு வீடு தள்ளியிருக்கும் எங்கள் வாசலுக்குக் கூட்டமாக ஓடுவோம்.

ஆனால் ஒப்பிடும்போது ஒன்றை மறக்கிறோம். அந்தப் பயத்தில் பாதி தொடரினுடையது. மீதி அந்த ஏழு நாள் காத்திருப்பினுடையது. குழாயடியில் ஆறு நாள் பேசிப் பேசி நாமே வளர்த்த பயம் அது. ‘சுழலை’ ஓர் இரவில் விழுங்கிவிட்டு, ‘அது மாதிரி இல்லையே’ என்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: அதை எத்தனை நாளில் பார்த்தீர்கள், இதை எத்தனை மணியில் பார்த்தீர்கள்?

பாதியில் இருக்கும்போது யாராவது முடிவைச் சொல்லிவிட்டால்?

ஆறாம் நாள் காலை, டீக்கடை ஒன்றில், எனக்கு முன்னால் நின்றிருந்தவர் கைப்பேசியில் யாரிடமோ கடைசிக் காட்சியை விவரிக்கத் தொடங்கினார். வாங்கிய டீயை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினேன். பன்னிரண்டு ரூபாய் நட்டம். அதையும் பேரேட்டில் எழுதியிருக்கிறேன்.

வேறு எந்தத் தமிழ்த் தொடரை இப்படிப் பேரேடு வைத்துப் பார்க்கலாம்?

‘வதந்தி’ (2022 டிசம்பர் 2, எட்டு எபிசோடு) இதற்கென்றே செய்தது போல இருக்கும். ஆண்ட்ரூ லூயிஸ் எழுதி இயக்கிய அந்தத் தொடரில், இறந்துபோன வெலோனி என்ற பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், எஸ்.ஜே. சூர்யா நடித்த காவல் அதிகாரி அந்தக் கதைகளுக்கு நடுவே தன் வீட்டையே மறந்து அலைகிறார். அதற்கு நான் பக்கம் திறந்தது சந்தேகத்துக்குரியவர்களுக்கு அல்ல, கதை சொல்பவர்களுக்கு. ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னதில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு அவர்களுடையது என்று கணக்குப் பார்த்தேன். ‘நவம்பர் ஸ்டோரி’ (2021 மே, ஏழு எபிசோடு) தமன்னாவும் ஜி.எம். குமாரும் மகளும் தந்தையுமாக நடித்தது. நினைவு மங்கிவரும் குற்றக்கதை எழுத்தாளர் என்ற முடிச்சு நல்ல முடிச்சு. அதற்கு நோட்டு போடவில்லை. பசுபதி முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே பொழுது போய்விட்டது.

வட சென்னையில் நடக்கும் ஒரு மர்மத் தொடர் வந்தால் எப்படி இருக்க வேண்டும்?

முதல் வேண்டுகோள், அரிவாள் வேண்டாம். எங்கள் பகுதி திரையில் வந்தாலே சந்துக்குள் துரத்தலும் ரத்தமும்தான் என்று ஆகிவிட்டது. நாங்கள் ஜவுளி விற்கிறோம், மீன் ஏலம் விடுகிறோம், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறோம், டியூஷன் எடுக்கிறோம். சந்தேகப்படும்படியாக வாழ்வதற்கு இவற்றிலேயே வேண்டிய அளவு இடம் இருக்கிறது.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் விரல் அசைவில் விலை பேசுபவர்கள், 1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்கள், கடற்கரை ரயில் நிலையம் அருகே அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் பர்மாத் தமிழர் கடைகள், அவர்கள் குடும்பங்களில் கடல் தாண்டி விட்டுவந்த வீடுகளைப் பற்றிய பாதிக் கதைகள் – இவற்றில் எதை எடுத்தாலும் ஒரு முடிச்சு தானாக விழும். எனக்கு வேண்டியது பழைய மில் சுற்றுச்சுவருக்குள் தொடங்கும் கதை. மாமாவுக்குச் சங்கத் தலைவர் குற்றவாளியாக இல்லாத எந்தக் கதையும் சரி.

இரண்டாவது சீசனுக்கும் நோட்டு போட்டீர்களா?

போட்டேன். அது 2025 பிப்ரவரி 28 அன்று வந்தது. அதற்கு முந்தைய நாள்தான் மயானக் கொள்ளை. பெரியம்மா நெற்றியில் இன்னும் குங்குமத் தடம் இருந்தது. இந்த முறை ஊர் காளிப்பட்டணம் என்ற கடலோர ஊர், திருவிழா அஷ்டகாளித் திருவிழா. லால் நடித்த வழக்கறிஞர் செல்லப்பா கொலை செய்யப்பட, சக்கரை விசாரிக்கிறார்.

பட்டுத் தெளிந்தவள் என்பதால் முதல் காட்சி ஓடத் தொடங்குவதற்கு முன்பே பாடம் படித்தவள் போல விதியை மாற்றினேன்: யாரைப் பார்த்து ‘நல்ல மனிதர்’ என்று தோன்றுகிறதோ, அவருக்குத்தான் முதல் பக்கம். செத்தவருக்கும் ஒரு பக்கம் போடச் சொன்னார் பெரியம்மா, போட்டேன். தம்பி இந்த முறை ரப்பரைத் தொடவில்லை; தன் சந்தேகங்களுக்குத் தனி மையில் எழுத இடம் கேட்டான்.

பிறகு கதையில் அது நடந்தது. எட்டு இளம்பெண்களும், ஒருவரைப் போலவே மற்றவரும், கொலையைச் செய்தது நான்தான் என்கிறார்கள். என் பேரேட்டின் அமைப்பே அதைத் தாங்கவில்லை. சந்தேகத்தை மற்றவர் மீது நாம் எழுதுவதற்குத்தான் பற்றுப் பத்தி. அதைத் தானே தன் பெயரில் எழுதிக்கொள்பவரை எங்கே வைப்பது? மாமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “எட்டுப் பேரும் கடன் வாங்கினது நாந்தான்னு கையெழுத்துப் போட்டா, கணக்கு எப்டிமா டேலி ஆவும்?” என்றார். அன்று இரவு எட்டுப் பக்கங்களிலும் பற்றில் ஒரே பதிவை எழுதி, கூட்டல் போடாமல் நோட்டை மூடி, விளக்கை அணைத்தேன்.